குளுக்கோமா சொட்டு மருந்து போடுகிறவர்களுக்கு இரவில் கண் வறண்டு எரிந்தால்: படிப்படியாக என்ன செய்வது

குளுக்கோமாவுக்கு (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) சொட்டு மருந்து போடுகிறவர்களில் நிறையப் பேருக்குக் கண் வறட்சியும் சேர்ந்தே வருகிறது. பகலில் ஏதோ சமாளித்துவிடலாம். இரவானால் கண் எரியும், மண் விழுந்த மாதிரி உறுத்தும். நடுவில் விழிப்பு வந்தால் இமை கருவிழியோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. நானும் இதில் ரொம்ப நாள் அல்லாடியிருக்கிறேன். அழுத்தத்தைப் பார்க்கும் டாக்டரிடம் எரிச்சலைச் சொல்லத் தயக்கம், மருந்துக்கடையில் எதைக் கேட்பது என்று குழப்பம், ஆளுக்கொரு யோசனை. யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எரிகிறது என்பதற்காக குளுக்கோமா மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு வேளையைக்கூட விடாதீர்கள். பார்வை நரம்பில் போனது திரும்பி வராது. எரிச்சலுக்கோ நிறைய வழி இருக்கிறது. மருந்தையே மாற்றவும் முடியும்.

1. இது அவசரமா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலானவர்களுக்கு இருப்பது திறந்த கோண குளுக்கோமா. கோணம் என்பது கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் மூலை. அதில் அழுத்தம் மெதுவாக ஏறினால் வலியே தெரியாது. ஆகவே கண் எரிந்தவுடன் பிரஷர் ஏறிவிட்டதோ என்று பதற வேண்டாம். அதேபோல எரிச்சல் அடங்கிவிட்டால் அழுத்தமும் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடவும் கூடாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஆனால் கீழே உள்ளவை வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, எந்த நேரமானாலும் கண் அவசர சிகிச்சைக்குப் போங்கள்:

- திடீரென்று கடுமையான கண்வலி, கூடவே தலைவலி, குமட்டல் அல்லது வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், மங்கல். கோணம் அடைபட்டு அழுத்தம் சட்டென்று ஏறும்போது இப்படி வரும்.
- பார்வை திடீரென்று குறைவது, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைவது.
- குளுக்கோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்த கண்ணில் சிவப்பு, வலி, பீளை. செய்து பல வருடம் ஆகியிருந்தாலும் சரி, அங்கே தொற்று ஏற்பட்டால் வேகமாகப் பரவும்.
- கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்கு வலியோடு சிவப்பும் கண் கூச்சமும்.

அவசரம் இல்லாவிட்டாலும் தனியாகக் குறித்துவைக்க வேண்டிய ஒன்று உண்டு. தூங்கி எழுந்து கண்ணைத் திறக்கும் அந்த நொடியில் ஊசி குத்தியதுபோல் சுரீர் என்று வலித்து, பிறகு மெல்லக் குறைகிறதா? கருவிழியின் மேல்தோல் இமையோடு ஒட்டி உரிவதால் அப்படி ஆகலாம். சாதாரண வறட்சிக்கான வைத்தியம் மட்டும் அதற்குப் போதாமல் போகலாம். டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

2. உங்கள் சொட்டு மருந்தின் அட்டையைப் படியுங்கள்

பெரும்பாலான குளுக்கோமா சொட்டுகளில் கிருமி வளராமல் இருக்க ஒரு பதனப்பொருள் சேர்த்திருப்பார்கள். அதிகம் பயன்படுவது பென்சால்கோனியம் குளோரைடு. எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு கரைப்பதுபோல இது கண்ணீரின் மேலே உள்ள எண்ணெய்ப் படலத்தைக் குலைக்கிறது. கண்ணீரை கண்ணோடு ஒட்டவைக்கும் சளியைச் சுரக்கும் செல்களையும் பாதிக்கிறது. எப்போதாவது ஒரு வாரம் போடுகிற மருந்தில் இது பெரிய விஷயமில்லை. வருடக்கணக்கில், அதுவும் இரண்டு மூன்று பாட்டில் போடுகிறவருக்குச் சேர்ந்து சேர்ந்து கண் புண்ணாகிவிடுகிறது.

அட்டையின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இது இருக்கும். ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கண்ணில் இந்தப் பொருள் எத்தனை தடவை படுகிறது என்று கூட்டிப் பாருங்கள். டாக்டரிடம் காட்டவேண்டிய முதல் எண் அதுதான்.

பதனப்பொருள் ஒரு பக்கம். மருந்துக்கே உரிய குணம் இன்னொரு பக்கம்.

லட்டானோப்ராஸ்ட், ட்ராவோப்ராஸ்ட், பைமாட்டோப்ராஸ்ட் போன்றவற்றில் ஆரம்ப வாரங்களில் சிவப்பு அதிகம் இருக்கும். நாளாக ஆகக் குறைவதுண்டு. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளை இவை தொந்தரவு செய்யலாம். டிமோலால் கண்ணீர்ச் சுரப்பைக் குறைக்கக்கூடியது. டோர்சோலமைட் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அதனால் போட்டவுடன் சுரீர் என்று எரியும், சில நிமிடத்தில் போய்விடும். பிரின்சோலமைட் பால்போல இருக்கும், எரிச்சலைவிட மங்கல்தான் அதிகம்.

பிரிமோனிடினை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பல மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பிறகு அலர்ஜியைக் கிளப்பும். எரிச்சலைவிட அரிப்பு அதிகமாக இருந்து, இமைத்தோலும் சிவந்து தடித்திருந்தால் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். எவ்வளவு கண்ணீர் சொட்டு (செயற்கைக் கண்ணீர்) போட்டாலும் அலர்ஜி தீராது. மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

3. மாலையிலிருந்து படுக்கை வரை நேரத்தைப் பிரியுங்கள்

எனக்கு அதிகப் பலன் தந்த படி இதுதான். செலவே இல்லை.

கண்ணில் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். இமைக்குள் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் வரை கொஞ்ச நேரம் நிற்கும். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 வரை இருக்கும். அப்படியானால் ஒரு சொட்டுக்கு மேல் போடுவது வீண். ஒரு மருந்து போட்ட கையோடு அடுத்ததைப் போட்டால் முதலாவது கழுவிக்கொண்டு போய்விடும். எரிகிறதே என்று குளுக்கோமா மருந்துக்கு உடனே பின்னால் கண்ணீர் சொட்டு விடுகிறவர்கள் நிறையப் பேர். மருந்தைப் போட்டு அப்போதே கழுவுவதுதான் அது.

இரவு பத்து மணிக்குப் படுக்கிறவருக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- 7.30: இமைக்கு வெந்நீர் ஒத்தடம், சுத்தம் (5-ஆம் படியில் சொல்கிறேன்)
- 8.00: முதல் குளுக்கோமா சொட்டு
- 8.10: இரண்டாவது இருந்தால் அது
- 8.30: கண்ணீர் சொட்டு
- 10.00: ஜெல் அல்லது ஆயின்ட்மென்ட்

தண்ணீராக இருப்பது முதலில், பிசுபிசுப்பாக இருப்பது அப்புறம், ஆயின்ட்மென்ட் எப்போதும் கடைசி. ஆயின்ட்மென்ட் போட்ட கண்ணில் அதன் மேல் விழும் சொட்டு உள்ளே போகாது.

இரவு ஒரு வேளை போடும் மருந்தை விளக்கை அணைக்கும் நேரத்தில்தான் போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போடுவதே முக்கியம். எட்டு மணிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தின் எரிச்சலோடு கண்ணை மூடித் தூங்கப் போக வேண்டியதில்லை. ஆனால் லட்டானோப்ராஸ்ட் வகையை ஒரு நாளில் இரண்டு தடவை போட்டுவிடாதீர்கள். கூடுதலாகப் போட்டால் பலன் குறையவும் கூடும்.

சொட்டு விட்டதும் கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்கு வழியாக இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். டிமோலால் போடுகிறவருக்கு இது இன்னும் அவசியம், அது உடம்புக்குள் போனால் இதயத்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். வெளியே வழிந்ததைச் சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். இமைத்தோல் எரிவதும் கறுப்பதும் குறையும்.

கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் சொட்டு. திரும்பப் போடக் குறைந்தது 15 நிமிடம் போக வேண்டும். மிருதுவான லென்ஸ் பதனப்பொருளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

4. எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

செயற்கைக் கண்ணீரில் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட், ஹைப்ரோமெல்லோஸ் என்று பல வகை. எது உசத்தி என்பதைவிட உங்கள் கண்ணுக்கு எது ஒத்துப்போகிறது என்பதே கேள்வி. ஒன்றை இரண்டு மூன்று வாரமாவது போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே நிபந்தனை, அட்டையில் பதனப்பொருள் இல்லாதது என்று போட்டிருக்க வேண்டும். ஏற்கனவே குளுக்கோமா மருந்தில் அது போய்க்கொண்டிருக்கும்போது, ஆற்றுவதற்குப் போடும் சொட்டிலும் அதையே சேர்ப்பதில் அர்த்தமில்லை.

இரவுக்கு கார்போமர் ஜெல், அல்லது வாசலின் வகை எண்ணெய் கலந்த கண் ஆயின்ட்மென்ட் நீண்ட நேரம் நிற்கும். கீழ் இமையை இழுத்து, ஒரு அரிசி நீளத்துக்குப் போட்டால் போதும். பார்வை மங்கும். ஆகவே போட்டபின் எழுந்து நடமாட வேண்டிய வேலைகளை முன்பே முடித்துவிடுங்கள். பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) ஏற்கனவே குறைந்தவர்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுவது நல்லது.

வாங்கக் கூடாதவை இனி. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிவப்பை எடுக்கும் சொட்டு: டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் போன்றவை. இரத்தக்குழாயைச் சுருக்கிக் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், பிறகு முன்னைவிடச் சிவக்கும். கோணம் குறுகியவர்களுக்கு அழுத்தத்தையும் ஏற்றிவிடக்கூடும்.

ஸ்டீராய்டு சொட்டு: டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன். போட்டால் எரிச்சல் மாயமாக மறையும், அதுதான் ஆபத்து. சத்தமில்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றும். குளுக்கோமா உள்ளவர்களுக்கு அப்படி ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தது, பழைய பாட்டிலில் மிச்சம் இருப்பது, கடையில் கேட்டவுடன் கொடுப்பது எதுவும் வேண்டாம். டாக்டரே தந்தால் எத்தனை நாள், அழுத்தத்தை எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சளிக்கும் அலர்ஜிக்கும் வாங்கும் மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் கண்ணை வறட்டும். கோணம் குறுகியவருக்கு அவற்றில் சில ஆகவே ஆகாது. உங்களுக்கு இருப்பது திறந்த கோணமா, குறுகிய கோணமா என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் அந்த ஒரு சொல் பெரிய உதவி.

வீட்டு வைத்தியம் என்று கண்ணுக்குள் தேன், பன்னீர், எண்ணெய், தாய்ப்பால் எதையும் விடாதீர்கள். புண்ணான கருவிழியில் கிருமி ஏறினால் சீழ்ப்புண் ஆகிவிடும்.

5. இமையை ஒத்துங்கள், அழுத்தாதீர்கள்

பலருக்குப் பிரச்சினையின் பாதி இமை ஓரத்தில் இருக்கிறது. அங்குள்ள சுரப்பிகளில் எண்ணெய் கட்டியாகி நின்றால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். தோல் தாங்கும் இளஞ்சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமையில் 5 முதல் 10 நிமிடம் வைத்து எடுங்கள். ஆறினால் திரும்ப நனையுங்கள். பிறகு சுத்தமான விரலால் இமை ஓரத்தை மட்டும் லேசாகத் தடவித் துடைத்தால் போதும்.

குளுக்கோமா உள்ளவர்களுக்கான எச்சரிக்கை இது: விழியின் மேல் கனம் ஏற்றக்கூடாது. கண்ணைக் கசக்குவதும், அழுத்தி மசாஜ் செய்வதும் அந்த நேரத்துக்கு அழுத்தத்தை நன்றாகவே ஏற்றும். அறுவை சிகிச்சை செய்த கண் என்றால் ஒத்தடத்துக்கே டாக்டரின் அனுமதி வேண்டும்.

6. படுக்கை அறை

தூக்கத்தில் கண்ணீர்ச் சுரப்பு இயல்பாகவே குறைந்துவிடும். அதோடு மின்விசிறியோ ஏசியோ முகத்துக்கு நேராக வீசினால் கேட்கவே வேண்டாம். காற்றின் திசையைக் காலுக்கு மாற்றுங்கள். அறைக் காற்று ரொம்ப வறண்டிருந்தால் ஈரப்பதமூட்டி உதவும்.

சிலருக்குத் தூங்கும்போது இமை முழுவதும் மூடுவதில்லை. காலையில் எரிச்சல் உச்சத்தில் இருந்து பகலில் குறைகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். வீட்டில் ஒருவரிடம் நீங்கள் தூங்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, டாக்டருக்குக் காட்டலாம். இரவு ஆயின்ட்மென்ட்டின் அருமை இவர்களுக்குத்தான் தெரியும்.

குறட்டைக்கும் மூச்சுத்தடைக்கும் முகமூடிக் கருவி போடுகிறவர்கள் அதன் மேல்விளிம்பில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்கக் கண்ணுக்குள் விசிறி வைத்த கதை அது.

குப்புறப் படுக்காதீர்கள், கண் தலையணையில் அமுங்கும். கண்ணை இறுக்கும் தூக்கப் பட்டையும் வேண்டாம். படுத்தாலே கண் அழுத்தம் உட்கார்ந்திருப்பதைவிடக் கூடும். தலைப்பக்கம் சற்று உயரமாக இருந்தால் சிலருக்கு அது குறைகிறது. கழுத்து மடங்காமல், முதுகிலிருந்தே உயர்த்துவதுதான் முறை.

இன்னொன்று. கண் வறட்சிக்கு நிறையத் தண்ணீர் குடி என்று எல்லோரும் சொல்வார்கள். குடிக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் கண் அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

7. நடு இரவில் விழிப்பு வந்தால்

கண்ணைச் சட்டென்று திறக்காதீர்கள். மூடிய இமைக்குள்ளேயே விழியை இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். ஈரம் பரவி ஒட்டியது விடும். அப்புறமும் திறக்க வரவில்லை என்றால் மூக்கோர மூலையில் கண்ணீர் சொட்டை விட்டு, சில நொடி பொறுத்துத் திறங்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் கண்ணீர் சொட்டு மட்டும் இருக்கட்டும். குளுக்கோமா பாட்டில்கள் வேறு அறையில். இருட்டில் மாற்றிப் போடுவது நடக்கும். காதுச் சொட்டையும், சொட்டு பாட்டில்போலவே இருக்கும் ஒட்டுப் பசையையும்கூடக் கண்ணில் விட்டவர்கள் உண்டு. கண்ணீர் சொட்டுக்கும் குளுக்கோமா மருந்துக்கும் வித்தியாசம் கையிலேயே தெரிய, குளுக்கோமா பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள்.

8. டாக்டரிடம் என்னென்ன கொண்டுபோவது

குளுக்கோமா பரிசோதனையில் அழுத்தம், நரம்பு, பார்வைப் புலம் என்று நேரம் ஓடிவிடும். எரிச்சலைப் பற்றி நீங்களாகச் சொல்லாவிட்டால் பேச்சே வராது. உள்ளே போனதும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

- போடுகிற எல்லா பாட்டில்களும், அட்டையோடு. பெயரைச் சொன்னால் போதாது, கம்பெனிக்குக் கம்பெனி பதனப்பொருள் மாறும்.
- ஒரு பக்கத் தாள்: மருந்து, சதவீதம், போடும் நேரம், தொடங்கிய மாதம். கீழே உங்கள் மற்ற நோய்கள் (ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம்), விழுங்கும் மாத்திரைகள், அலர்ஜிகள்.
- பழைய அழுத்த அளவுகள் தேதியோடு, கருவிழித் தடிமன், பார்வைப் புல அறிக்கை, ஓ.சி.டி. (பார்வை நரம்பு ஸ்கேன்) அறிக்கை. பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் மாறினால் இதுதான் கைகொடுக்கும்.
- ஒரு வாரக் குறிப்பு: எத்தனை மணிக்கு எரிகிறது, எந்தக் கண், எந்த மருந்துக்குப் பின்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள். இதே மருந்து பதனப்பொருள் இல்லாமல் கிடைக்குமா? லட்டானோப்ராஸ்ட், டாஃப்ளுப்ராஸ்ட், டிமோலால் போன்றவை அப்படியும் தயாரிக்கப்படுகின்றன. இரண்டு பாட்டிலை ஒரே கலவையாக்க முடியுமா? சொட்டைக் குறைக்கும் லேசர் எனக்குப் பொருந்துமா? திறந்த கோணக்காரர்களுக்கு எஸ்.எல்.டி. என்ற அந்த லேசரை முதலிலேயே செய்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் 3 வருடம் கழித்தும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சொட்டே தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பொருந்தாது, பலன் நிலைத்திருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி.

வறட்சியை அளக்கும் சோதனைகள் எளியவை. இமைக்குள் காகிதத் துண்டை 5 நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது ஒன்று, சாயம் விட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்ப்பது இன்னொன்று. 10 நொடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள்.

பார்வைப் புலப் பரிசோதனைக்குப் போகும் நாளில் வறட்சி இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கண் சிமிட்டப் பயந்து விழித்துக்கொண்டே இருந்தால் படலம் காய்ந்து மங்கி, முடிவு உள்ளதைவிட மோசமாக வரும். சிமிட்டலாம். நடுவில் நிறுத்தி ஓய்வெடுக்கவும் கேட்கலாம்.

9. செலவை எங்கே குறைப்பது

பதனப்பொருள் இல்லாத மருந்து பெரும்பாலும் விலை கூடுதல். இரண்டு வடிவத்தில் வரும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குட்டிக் குப்பி ஒன்று. திறந்ததும் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டும், சேமிக்கவே கூடாது. வால்வு வைத்த பாட்டில் மற்றது, திறந்த பிறகும் சில வாரம் வரும். மாதக் கணக்குப் போட்டால் பாட்டில் வடிவம் பெரும்பாலும் கட்டுப்படியாகும். அழுத்திப் போட விரலில் பலம் வேண்டும் என்பதால், மூட்டுவலி உள்ளவர்கள் வாங்குமுன் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

முழுவதும் மாற்றக் கையில் பணம் இல்லையென்றால், ஒரு நாளில் அதிகத் தடவை போடுவதை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

லட்டானோப்ராஸ்ட்டின் 2.5 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கு இரவு ஒரு வேளை என்றால் மாதம் 60. ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் இரண்டு சொட்டு வழியவிட்டால் மாதம் முடியுமுன்பே தீர்ந்துவிடும். கை நடுங்கினால் படுத்துக்கொண்டு போடுங்கள், அல்லது பாட்டிலைத் தாங்கும் சிறு கருவி வாங்குங்கள்.

திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். பெரும்பாலானவை திறந்த 4 வாரத்தில் எறிய வேண்டியவை, சரியான கெடு அட்டையில் இருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று தொடர்வது சேமிப்பே இல்லை.

10. எவ்வளவு காலம் பொறுக்கலாம்

நேரம் பிரித்தல், ஒத்தடம், கண்ணீர் சொட்டு, காற்றுத் திசை இவற்றின் பலன் 2 முதல் 4 வாரத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் முன்கூட்டியே போங்கள். கண்ணீர் மூக்குக்கு வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு என்று அடுத்த கட்டங்கள் இருக்கின்றன. சைக்ளோஸ்போரின் முழுப் பலன் தர 3 முதல் 6 மாதம் ஆகலாம், ஆரம்பத்தில் அதுவே எரியும். இதை முன்பே தெரிந்துகொண்டால் பாதியில் விடமாட்டீர்கள்.

குளுக்கோமா மருந்தையே மாற்றினால், எரிச்சல் குறைந்தது என்ற நிம்மதியில் அழுத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். புதிய மருந்து அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று சில வாரங்களில் பார்த்தாக வேண்டும். அந்தத் தேதியைக் கிளம்புமுன்பே வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து மாறிய நாளை உங்கள் ஒரு பக்கத் தாளிலும் எழுதிவிடுங்கள், அடுத்த அளவை அதற்கு முந்தைய அளவோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.